ஓடும்... நிற்குமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பஞ்சர் கடைகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, பின் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, “அண்ணாச்சி, இன்னும் ரெண்டு மாசம் ஓடுமா?” என்பார்கள். அனுபவப்பட்ட கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, “ஓடும் ஓடும். நிக்குமான்னு கேளுங்க” என்பார்.

டயர் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பட்டன் முழுக்கத் தேய்ந்து மொட்டையான டயரும் ஓடத்தான் செய்யும். பிரேக் பிடிக்கிறபோதுதான் அதன் வயது தெரியும்.

இந்தக் கரிசல் காட்டில் அது தெரியவருவதற்கும் வெகுநாள் ஆகும். வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் சாலை காய்ந்தே கிடக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் மொட்டை டயர் நன்றாகவே பிடிக்கும். பட்டனுக்கு நடுவே வரி வரியாகப் பள்ளம் வைத்திருப்பது தண்ணீர் வெளியேறத்தான். தண்ணீரே இல்லாத ஊரில் பள்ளம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மாசி முதல் ஆவணி வரை ஒரு வழுக்கலும் இல்லாமல் வண்டி ஓடிவிடுகிறது. “போன வருஷமே மாத்தணும்னாங்க, இன்னும் கல்லு மாதிரி ஓடுது” என்று பெருமையும் பேசிக்கொள்ளலாம்.

பிறகு ஐப்பசியில் முதல் மழை விழும். அதுவரை சாலையில் படிந்து கிடந்த புழுதி, லாரிகள் சிந்திய எண்ணெய், டயர் உரசி உதிர்ந்த ரப்பர்த் தூள் எல்லாம் ஒன்றாகக் குழைந்து மேலே வரும். மானாவாரி விதைப்புக்காகக் காட்டில் இறங்கி ஏறிய டிராக்டர்கள் சக்கரத்தோடு இழுத்துவந்த கரிசல் மண்ணும் அதோடு சேரும். ஈரக் கரிசல் எப்படி ஒட்டும், எப்படி வழுக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. விடாமல் பெய்கிற மழையைவிட, அந்த முதல் அரைமணி நேரத் தூறல்தான் ஆபத்து. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிற மனைவியும், பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையுமாகக் குடும்பமே வண்டியில் போகிற நேரம் அது. தீபாவளித் துணி எடுக்கக் கிளம்புகிற மாதமல்லவா!

ஆகவே இங்கே டயரைப் பார்க்க வேண்டிய மாதம் புரட்டாசி. அதற்கென்று ஒரு நாளும் வசதியாக வாய்த்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவாத வீடு கிடையாது. சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குகிறோம். அந்தப் பழத்தை வைக்கக் குனிகிற நேரத்தில் டயரையும் ஒருதரம் நிதானமாகப் பார்த்துவிடலாம். மழைக்குச் சில வாரம் முன்பாகவே அந்த நாள் வந்துவிடுகிறது.

எதைப் பார்ப்பது? டயரின் பக்கவாட்டில், ஓரத்தை ஒட்டி, டி.டபிள்யூ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளோ ஒரு சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேர் மேலே, பட்டன்களுக்கு இடையிலான பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று தெரியும். தேய்மானத்தைக் காட்ட டயர் செய்கிறபோதே வைக்கிற அடையாளம் அது. பட்டன் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. இருசக்கர வாகனத்துக்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்கிறது 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதி. கார்களுக்கு அது 1.6 மில்லிமீட்டர். 0.8 என்பது நகத்தின் கனத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். சட்டம் பொறுத்துக்கொள்கிற கடைசி எல்லை அது. அங்கே போய் முட்டுகிற வரை காத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மழைக்காலத்துக்குள் நுழைகிறபோது அந்த மேட்டுக்கு மேலே கண்ணுக்குத் தெரிகிற அளவு பட்டன் மிச்சமிருந்தால்தான் நிம்மதி.

பார்க்கும்போது ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. நடு ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தை மெல்லச் சுற்றி முழுவதையும் பார்க்க வேண்டும். மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் நேராகவே போய்வருகிற வண்டிகளுக்கு நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். ஓரத்துப் பட்டன் புதிது போலவே இருக்கும். பக்கத்திலிருந்து பார்க்கிறவர் “நல்லாத்தானே இருக்கு” என்று ஏமாந்துபோவார். பின்னால் நின்று பார்த்தால் உண்மை தெரியும்: உருண்டையாக இருக்க வேண்டிய டயர் பலகை மாதிரி சப்பையாகத் தெரியும். அப்படிப்பட்ட வண்டி வளைவில் சாய்கிறபோது, விளிம்பில் ஏறி இறங்குவது போல ஒரு குலுக்கல் கொடுக்கும். ஓட்டுகிறவர் ஹேண்டில்பார் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கிடம் போவார்.

ரேஸ் மைதானத்தில் இதற்கு நேர்மாறு. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துகொண்டிருந்த பந்தயங்களுக்குப் பிறகு, 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளப் பந்தயப் பாதை வந்தது. அங்கே வளைவில் தரையோடு படுத்துப் போகிறவர்களுக்கு டயரின் ஓரம்தான் முதலில் கரையும். நடு அப்படியே இருக்கும். “ரேஸ் வண்டி டயருக்குப் பட்டனே கிடையாதே, அவன் அந்த வேகத்துல போகலையா?” என்று வாலிபப் பையன்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. காய்ந்த பாதையில் வழவழ டயர் அதிகம் பிடிக்கும் என்பது நிஜம். ஆனால் அந்த ரப்பர் வேறு. மெழுகு போல மென்மையானது. நன்றாகச் சூடேறினால்தான் ஒட்டும். அதற்காகப் பந்தயத்துக்கு முன்னால் டயருக்கு மின்சாரப் போர்வை சுற்றி, ஏறக்குறைய 80 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். மழை வந்தால் வரி போட்ட வேறு டயருக்கு மாறிவிடுகிறார்கள். பட்டனே இல்லாத டயரில் தேய்மானம் எப்படித் தெரியும் என்றால், அதிலும் ஆங்காங்கே சிறு குழிகள் வைத்திருப்பார்கள். குழி மறையும் முன்னே டயரைக் கழற்றிவிடுவார்கள்.

குழி மறையாமலே கழற்றுவதும் உண்டு. ரப்பர் நன்றாகச் சூடேறி ஆறுவதை அவர்கள் ஒரு சுற்றாகக் கணக்கு வைக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ரப்பர் கொஞ்சம் இறுகும். பார்க்கப் புதிது போல இருக்கிற டயர் பிடிமானம் விட்டுப் போயிருக்கும். ‘தேயவில்லை, ஆனால் செத்துவிட்டது’ என்கிற இந்தக் கணக்குதான் வெயில் ஊர்க்காரர்கள் ரேஸ்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது. (அவர்கள் கழித்துப்போட்ட டயர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டுவது வேறு கதை. ஊர்ச்சாலையில் ஐம்பது அறுபது வேகத்தில் அது ஒருநாளும் தனக்கு வேண்டிய சூட்டை எட்டாது. மழையில் கேட்கவே வேண்டாம்.)

இங்கே அப்படிச் சாவது பெரும்பாலும் முன் டயர். இழுவையும் பாரமும் பின்னால் இருப்பதால் பின் டயர் சீக்கிரம் தேய்ந்து, இரண்டு முறை மூன்று முறை கூட மாற்றப்பட்டிருக்கும். முன் டயர் வண்டி வாங்கிய நாளிலிருந்து அதே டயர்தான். “அதுல வரி அப்படியே இருக்கே” என்பார்கள். இருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் வேலியோரமாக நிறுத்தி நிறுத்தி ரப்பர் இறுகி, பக்கவாட்டில் முடியிழை மாதிரி வெடிப்புகள் ஓடியிருக்கும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் நல்ல ரப்பர் உள்வாங்கி மீளும். செத்த ரப்பர் மரக்கட்டை போல நிற்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முழுவதும் முன்னால் பாய்கிறது. திருப்புவதும் முன் சக்கரம்தான். பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இராது.

டயரின் வயதைத் தெரிந்துகொள்ள பில்லைத் தேட வேண்டாம். பக்கவாட்டில் நான்கு எண்கள் தனியாக அச்சாகியிருக்கும். பெரும்பாலும் ஒரு நீள்வட்டத்துக்குள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒருமுறை காட்டிப் பரிசோதிக்க வேண்டும், பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருஷத்தில் மாற்றிவிட வேண்டும் என்பது டயர் நிறுவனங்கள் பல சொல்கிற கணக்கு. நாளெல்லாம் வெயிலில் நிற்கிற வண்டிக்குப் பத்து வரை போவது தாராளம்தான்.

இன்னொன்று ஆச்சரியமாக இருக்கும்: ஓடுகிற டயரைவிட ஓடாமல் நிற்கிற டயர் சீக்கிரம் வெடிக்கும். ரப்பரில் ஒருவித மெழுகு கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு நெளிகிறபோது அது மேலே கசிந்து வந்து, வெயிலும் காற்றும் தாக்காமல் காக்கிறது. நின்ற வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. மகன் சென்னையிலோ துபாயிலோ இருக்க, அவன் வண்டி வாசலில் சாக்குப் போர்த்திக் கிடக்கும். பொங்கலுக்கு வந்ததும் காற்று அடித்துக்கொண்டு நேரே மதுரைக்குக் கிளம்பிவிடுவான். “தம்பி, டயரைப் பாத்துட்டுப் போய்யா” என்று அம்மா சொல்லலாம், தப்பில்லை.

டயர் பேசுகிற இன்னொரு பாஷை பஞ்சர். இந்தப் பக்கம் கண்மாய், ஓடை, பாதை எங்கும் சீமைக் கருவேல மரம். கரிமூட்டத்துக்கு வெட்டிக் கொண்டுபோகிற விறகிலிருந்து முள் உதிராத சாலை இல்லை. நல்ல கனமுள்ள டயரில் சின்ன முள் பட்டனோடு நின்றுவிடும். தேய்ந்த டயரில் டியூப் வரை போய்விடும். மாதத்துக்கு ஒரு பஞ்சர் என்பது மூன்றாகிவிட்டால் குற்றம் முள் மேல் மட்டும் இல்லை. ஒரே இடத்தில் மறுபடி மறுபடி பஞ்சர் ஆகிறதென்றால், ஒடிந்த முள்முனை டயருக்குள்ளேயே தங்கியிருக்கிறது. உள்பக்கம் துணியால் தடவிப் பார்த்து எடுக்கச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற பந்தல்குடிப் பக்கத்தில் கல் குத்திய வெட்டுகளையும் பார்க்க வேண்டும். வெட்டுக்குள் நூல் தெரிந்தாலோ, பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி புடைத்திருந்தாலோ, அதற்கப்புறம் ஒருநாள் ஓட்டுவதுகூட சூதாட்டம்தான்.

ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்கள் கவனிக்க வேண்டியது: சக்கரம் சிறிது என்பதால் அதே தூரத்துக்கு அது அதிகம் சுற்றுகிறது, தேய்மானமும் கூடுதல். தோழி பைக்கில் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வந்தது என்ற கணக்கு ஸ்கூட்டருக்குப் பொருந்தாது.

பணம்தான் எல்லாரையும் தள்ளிப்போட வைக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு டயர் விலை என்பது பல நாள் கூலி. விடியும் முன் மல்லிகை மொட்டுப் பறித்து, விலை இறங்குவதற்குள் பூ மார்க்கெட்டில் சேர்க்க எக்ஸ்எல் வண்டியில் பறக்கிறவருக்கும் ‘அடுத்த முகூர்த்தத்துக்கு மாத்திக்கலாம்’ என்றுதான் தோன்றும். அந்தத் தயக்கத்தில் பழைய டயர் வாங்குகிறவர்கள் உண்டு. மொட்டை டயரில் சூடான கத்தியால் புதிதாக வரி வெட்டிக் கறுப்பு மை பூசி விற்கிற பிழைப்பும் உண்டு. இருக்கிற கொஞ்ச ரப்பரையும் அறுத்தெடுத்த டயர் அது. வாங்குகிறவர் அந்த நான்கு எண்களைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டு டயரும் போய்விட்டது, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், எது மோசமோ அதை முதலில் மாற்றலாம். இரண்டும் ஒரே மோசம் என்றால் முன் டயரை மாற்றுவது மேல்.

புது டயர் வாங்கும்போது அளவு மட்டும் சொன்னால் போதாது. 80/100-18 போன்ற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அது பாரம் தாங்கும் கணக்கு: 42 என்றால் 150 கிலோ, 48 என்றால் 180 கிலோ. இரண்டு பெரியவர்கள், ஒரு பிள்ளை, சில நாள் நிறை கேஸ் சிலிண்டரும் (அதுவே முப்பது கிலோ பக்கம்) என்று போகிற வண்டியின் பின் சக்கரத்தில் குறைந்த எண்ணுள்ள டயரைப் போட்டால் அது சூடாகிச் சீக்கிரம் போகும். டயர் செய்கிற இடம் ஒன்றும் தூரமில்லை. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியிலேயே டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் தொழிற்சாலை இருக்கிறது. எந்தக் கம்பெனி டயரானாலும் பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் உருளும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாட்டி முடித்ததும் அதை ஒருதரம் பார்த்துக்கொள்வது நல்லது. டியூப் டயர் என்றால் பழைய டியூபையே உள்ளே திணிக்கச் சம்மதிக்க வேண்டாம். ஊதி விரிந்துபோன டியூப் மடிந்து கிடந்து அங்கேயே கிழியும்.

புதுசு போட்டாச்சு என்று அன்றைக்கே வளைவில் சாய்க்கவும் வேண்டாம். அச்சிலிருந்து வந்த டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாகப் போனால் அது உரசிப் போய்விடும்.

கழற்றிய பழைய டயரைப் பஞ்சர் கடையிலேயே விட்டுவிடலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆட்டுக் கொட்டகைக் கூரை மேல் வைத்தாலோ, பிள்ளைகள் உருட்டி விளையாடக் கொடுத்தாலோ, மழைக்கு முன்னால் அதில் நாலைந்து இடத்தில் ஓட்டை போட்டுவிட வேண்டும். ஐப்பசி மழை அதற்குள் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிட அதைவிட நல்ல இடம் கிடையாது.