தேதி சொல்லிட்டு ஏன் தள்ளிப்போடுறாங்க? வீடியோ கேம் ரிலீஸ் கணக்கு தப்புவது எங்கே?

முதலில் 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26. அதன்பிறகு 2026 நவம்பர் 19. 'ஜிடிஏ 6' கேமின் ரிலீஸை ராக்ஸ்டார் நிறுவனம் இப்படி மாற்றி மாற்றி அறிவித்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள், கொட்டிக் கிடக்கும் பணம், பல வருட அனுபவம்... இவ்வளவு இருந்தும் 'எப்போ முடியும்?' என்ற ஒரு கேள்விக்கு ஏன் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை?

வேலையை எப்படி அளக்கிறார்கள்?

இன்று பல கேம் நிறுவனங்கள் 'அஜைல்' முறையைப் பின்பற்றுகின்றன. பல வருட வேலைக்கு முதல் நாளே முழு அட்டவணை போடமாட்டார்கள். இரண்டு, மூன்று வாரச் சுற்றுகளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு சுற்றுக்குப் பெயர் 'ஸ்பிரிண்ட்'. சுற்று முடியும்போது, விளையாடிப் பார்க்கும் அளவுக்கு ஏதாவது ஒன்று தயாராக இருக்கணும்.

ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று கணிக்க 'பிளானிங் போக்கர்' என்ற முறை உண்டு. 2002-ல் ஜேம்ஸ் கிரெனிங் உருவாக்கியது. ஒவ்வொருவர் கையிலும் 1, 2, 3, 5, 8, 13 என எண் போட்ட சீட்டுகள். 'ஹீரோ சுவர் ஏறணும்' என்பது வேலை என்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைக் காட்டுவார்கள். சீனியர் சொன்ன எண்ணையே ஜூனியரும் சொல்லிவிடக்கூடாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

புரோகிராமர் 3 காட்டுகிறார், அனிமேட்டர் 13 காட்டுகிறார் என்றால், அங்கேதான் பேச்சு ஆரம்பிக்கும். சுவரின் உயரம் மாறினால் அசைவும் மாறணும் என்பது புரோகிராமருக்குத் தோன்றியிருக்காது.

இந்தப் புள்ளிகள் மணிக்கணக்கு அல்ல. ஒரு ஸ்பிரிண்டில் டீம் சராசரியாக 30 புள்ளி முடிக்கிறது, பாக்கி 300 இருக்கிறது என்றால் இன்னும் 10 ஸ்பிரிண்ட் தேவை. அவ்ளோதான் கணக்கு.

அப்புறம் எங்கே தப்புது?

முதல் சிக்கல், 'ஜாலி'யை அளக்க முடியாது. ஹீரோவைக் குதிக்க வைக்க எத்தனை நாள் ஆகும் என்று சொல்லலாம். குதிப்பது ஜாலியா இருக்குமா என்பது விளையாடிப் பார்த்தால்தான் தெரியும். இல்லையென்றால் மறுபடி முதலில் இருந்து.

இரண்டாவது, ஒன்றைத் தொட்டால் பத்து அசையும். ஹீரோ இன்னும் உயரமாகக் குதித்தால், ஏற்கெனவே கட்டிய சுவர்களையெல்லாம் மாற்றணும்.

மூன்றாவது, கடைசியில் கிளம்பும் பிழைகள். இன்னும் கண்ணில் படாத பிழைக்கு யார் சீட்டு காட்டுவது?

ஆனால் எல்லாமே இப்படி இல்லை. முதல் கார் சரியாக வந்துவிட்டால், அடுத்த 50 கார்களுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று ஓரளவு துல்லியமாகவே சொல்லலாம். அந்த நிலைக்கு வரும் முன்பே தேதி அறிவிப்பதுதான் ஆபத்து.

சைபர்பங்க் சொல்லும் பாடம்

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனத்தின் 'சைபர்பங்க் 2077', 2020 ஏப்ரல் 16-ல் வரவேண்டியது. அது செப்டம்பர் 17, நவம்பர் 19 எனத் தள்ளிப்போய், டிசம்பர் 10-ல்தான் வெளியானது. கடைசித் தள்ளிவைப்பு வெறும் 21 நாள். பல கருவிகளுக்காக 9 வெர்ஷன்களைச் சோதிக்க வேண்டியிருக்கு என்று நிறுவனம் காரணம் சொன்னது.

வெளியான பிறகும் பழைய கன்சோல்களில் பிழைகள் கொட்டின. சில நாட்களிலேயே சோனி தன் ஆன்லைன் ஸ்டோரில் இருந்து கேமை நீக்கியது. 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. பழைய கன்சோல்களுக்கான வேலையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி 2021 ஜனவரியில் ஒப்புக்கொண்டார்.

யாருக்கு வலி?

ஊழியர்களுக்குத்தான். கட்டாய ஓவர்டைம் இருக்காது என்று 2019-ல் சொன்ன அதே நிறுவனம், 2020 செப்டம்பரில் வாரம் ஆறு நாள் வேலைக்கு உத்தரவிட்டது. கேம் துறையில் இதற்குப் பெயர் 'கிரஞ்ச்'.

விஷயம் சிம்பிள். தேதி மாறாது என்றால் கேமில் சில அம்சங்களை வெட்டணும். அம்சங்கள் மாறாது என்றால் தேதியை நகர்த்தணும். இரண்டுமே மாறாது என்று நிர்வாகம் பிடிவாதம் பிடித்தால், மிச்சம் இருப்பது ஊழியரின் ராத்தூக்கம் மட்டும்தான். டீம் சொல்வது ஒரு கணிப்பு. மேடையேறி அதை வாக்குறுதியாக மாற்றுவது நிர்வாகம்.

அடுத்த முறை 'ரிலீஸ் தள்ளிவைப்பு' என்று நோட்டிபிகேஷன் வந்தால், கோபப்படும் முன் ஒன்றைக் கவனியுங்கள். எத்தனை நாள் தள்ளியிருக்காங்க? ஆறு மாதம் என்றால் கணக்கைத் திருத்துகிறார்கள் என்று நம்ப இடமிருக்கு. மூன்று வாரம் என்றால், உள்ளே யாரோ வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.