நீர்க்கட்டிக்கு இத்தனை மாத்திரை எதற்கு?

மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை, தாடையில் முடி என்று கல்லூரிப் பெண்களை அம்மாக்கள் என்னிடம் கூட்டி வருகிறார்கள். பிடரி கறுத்துத் தடித்திருக்கும். “பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்ச்சும் போக மாட்டேங்குது டாக்டர்” என்பார்கள். அது அழுக்கு அல்ல. இன்சுலின் சொல்வதை உடல் கேட்காததால், இன்சுலின் மேலும் மேலும் சுரக்கிறது என்பதன் அடையாளம்.

கூடவே ஒரு பை வரும். வைட்டமின் இ, கோ-என்சைம் க்யூ10, இனோசிட்டால் பொடி, பெயர் தெரியாத கேப்சூல்கள். ஏற்கெனவே பார்த்த இடத்தில் ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ என்று எழுதிக் கொடுத்தவை. அந்தப் பையில் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டு மட்டும் பெரும்பாலும் இருக்காது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

இந்த மருந்துகளுக்குச் சொல்லப்படும் காரணம் பொய்யில்லை. செல்கள் உணவை எரிக்கும்போது, எதையும் தாக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் பிறக்கின்றன. அவற்றை அடக்கக் குளூட்டாதயோன் போன்ற காப்புகள் உடலிலேயே உண்டு. தாக்குதல் மிஞ்சிக் காப்பு தோற்பதுதான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம். நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்குக் குளுக்கோஸ் கரைசல் கொடுத்துச் சோதித்தபோது, ஒல்லியானவர்களின் வெள்ளை அணுக்கள்கூட இந்த மூலக்கூறுகளைக் கூடுதலாக வெளியிட்டன. இவை இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைப் பெருக்குகிறது; கருமுட்டை முதிராமல் பாதியில் நிற்கிறது. ஸ்கேனில் ‘கட்டி’யாகத் தெரிவது அப்படி நின்றுபோன முட்டைப் பைகள்தான்.

அதற்காகக் கேப்சூல் விழுங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஜெர்மனியில் 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று என்னை யோசிக்க வைத்தது. நான்கு வாரம் உடற்பயிற்சி செய்த ஆரோக்கியமான இளைஞர்களில், வைட்டமின் சி, இ மாத்திரை எடுத்தவர்களுக்கு இன்சுலின் செயல்பாடு முன்னேறவில்லை, எடுக்காதவர்களுக்கு முன்னேறியது. உடற்பயிற்சியில் பிறக்கும் அந்தச் சிறு அழுத்தமே உடலைப் பழக்குகிறது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஆண்கள். பிசிஓஎஸ் பெண்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்த இது போதும்.

பிசிஓஎஸ் பற்றிய 2023-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டு நெறிகள், இனோசிட்டாலின் பலனே குறைவுதான் என்கின்றன. எடை எவ்வளவு இருந்தாலும், நோய் உறுதியானதும் ரத்தச் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்கின்றன. பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. ரத்த அழுத்தத்தை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். சுண்டல், கீரை, வேகமான நடை, தேவைப்படுவோருக்கு மெட்ஃபார்மின் அல்லது ஹார்மோன் மாத்திரை: சிகிச்சையின் அடிப்படை இவ்வளவுதான். மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போனால் கருப்பையின் உட்சுவர் தடிக்கும். அதையும் கவனிக்காமல் விடக்கூடாது.

தாய்மார்களே, அடுத்த மாதக் கேப்சூலுக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் மகளுக்கு, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைச் செய்யுங்கள். மருத்துவர் எழுதித் தராவிட்டால், கேட்டு வாங்குங்கள்.