துரையின் பட்டமும் பூட்டியின் பெயரும்

போன மாதம் மருமகன் போன் எடுத்தான். லண்டனில் பிறந்து வளர்ந்தவன். "மாமா, அப்பாவின்ர அம்மம்மா நுவரெலியாவில ஒரு ஸ்கொட்லாந்துத் துரைக்குப் பிறந்தவவாம். அந்தத் துரையின்ர குடும்பத்துப் பிரபுப் பட்டத்துக்கு இப்ப உரிமை கோர ஆளில்லையாம். 900 பவுண்ஸ் கட்டினால் எடுத்துத் தரலாம் எண்டு ஒராள் சொல்லுறார்" என்றான்.

சிரிப்புத்தான் வந்தது. ஆனால் இப்படிக் காசைக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள்.

வாரிசே அற்றுப்போன பட்டம் முடிந்த கதை. வாரிசு இருக்கலாம், ஆனால் இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை என்றால்தான் அது உறங்கும் பட்டம். அதைக் கேட்பவர் தன் வம்சவழியைப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளோடு அரசுக்குக் காட்டவேண்டும். 2004 அரச ஆணைப்படி, பதிவேட்டில் பெயர் ஏறாதவரை அரச ஆவணங்களில் பட்டம் வராது. ஏறினாலும், 1999 சட்டத்துக்குப் பிறகு பட்டம் இருப்பதாலேயே பிரபுக்கள் சபையில் ஆசனம் கிடைக்காது.

மருமகனுக்கு முன்னால் இரண்டு பூட்டுகள். ஒன்று, பெரும்பாலான பட்டங்கள் ஆண்வழியில் மட்டுமே இறங்கும். மகள்வழிக்குப் போவது சில பழைய பட்டங்கள்தான். மற்றது கல்யாணப் பதிவு. இங்கிலாந்துப் பட்டமென்றால் தாய் தகப்பன் முறைப்படி மணந்திருக்கப் பிறந்த பிள்ளைக்குத்தான் உரிமை. ஸ்கொட்லாந்துச் சட்டம் பிள்ளை பிறந்தபின் நடந்த கல்யாணத்தையும் ஏற்கும். ஆனால் தோட்டத்துப் பெண்களோடு வாழ்ந்த துரைமாரில் எத்தனை பேர் கல்யாணம் பதிந்தார்கள்?

டிஎன்ஏ இருக்கே என்றான். 2016இல் பிரிங்கிள் குடும்பப் பட்ட வழக்கில் பிரிவி கவுன்சில் டிஎன்ஏயை ஏற்றது உண்மை. ஆனால் இரத்தத்தைக் காட்டும் டிஎன்ஏ கல்யாணத்தைக் காட்டாது.

காசு கொடுத்து வாங்குவதோ நடக்கவே நடக்காது. பட்ட வியாபாரம் 1925 சட்டப்படி குற்றம். ஸ்கொட்லாந்தில் ஒரு சதுர அடி நிலம் விற்று "லோர்ட்" ஆக்குகிறோம் என்பதும் வெறும் நினைவுப் பரிசுதான். அந்தத் துண்டைக் காணிப் பதிவேட்டில் ஏற்றவே மாட்டார்கள்.

"காசைக் கட்டாதே. ஆசை விடாட்டில், முதலில் கல்யாணப் பதிவு இருக்கா எண்டு தேடு. பிறகு லோயரைப் பார்" என்றேன்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "துரையின்ர பெயர், ஊர், பட்டம் எல்லாம் சொல்லுறாய். அந்தப் பிள்ளையைப் பெத்த தாயின்ர பெயர் என்ன?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தெரியாது மாமா."

அந்தப் பெயரைத்தான் முதலில் தேடச் சொல்லியிருக்கிறேன். அதுக்கு 900 பவுண்ஸ் தேவையில்லை.