யார் எழுதிய வசனத்தை யார் பேசுவது?

தொலைக்காட்சித் தொடர்களில் நம் மக்களுக்கு எந்த வேடம் கிடைக்கிறது என்பது நமக்குப் புதிய கேள்வி அல்ல. வீட்டு வேலைக்காரர், அடியாள், குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடப்பவர் என்பதைத் தாண்டிப் போவது அரிது. ஆனால் அந்த வேடங்களை ஏற்கும் துணை நடிகர்களை நம்மவர்களே இழித்துப் பேசுவதும் நடக்கிறது. 'காசுக்காகக் கும்பிடு போடுகிறான்' என்கிறார்கள். இந்தப் பேச்சு நமக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல, அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஒரு நடிகரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு டெக்ஸ் வில்லரையும் அவருடன் வரும் டைகர் ஜாக்கையும் தெரியும். வெள்ளைக்கார நாயகன், பக்கத்தில் ஒரு பூர்வகுடித் தோழன். அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஒரு ஜோடியை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது 'தி லோன் ரேஞ்சர்' தொடர். 1949 செப்டம்பரில் தொடங்கி 1957 வரை 221 பகுதிகள் வந்தன. முகமூடி அணிந்த நாயகனாக கிளேட்டன் மூர். அவருடைய தோழன் டோன்டோவாக நடித்தவர் ஜே சில்வர்ஹீல்ஸ்.

இயற்பெயர் ஹெரால்ட் ஸ்மித். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், 'ஆறு நாடுகள்' எனப்படும் பூர்வகுடிகளின் ஒதுக்கிடத்தில் 1912இல் பிறந்த மோஹாக் இனத்தவர். (செவ்விந்தியர் என்றே நாம் இன்னும் எழுதுகிறோம். கொலம்பஸ் செய்த தவறை நாம் சுமக்க வேண்டியதில்லை.) முதலில் அவர் விளையாட்டு வீரர். பூர்வகுடிகளின் சொந்த ஆட்டமான லக்ராஸில் பெயர் பெற்றவர். குத்துச்சண்டையிலும் களம் கண்டவர். 'வெள்ளிக் குதிகால்' என்ற பட்டப்பெயர் ஆட்டக்களத்தில் கிடைத்தது. 1930களின் இறுதியில் ஹாலிவுட்டுக்குப் போய், கூட்டத்தில் ஒருவராகவும் சண்டைக் காட்சிகளில் குதிரையிலிருந்து விழுபவராகவும் பல ஆண்டுகள் ஓட்டினார்.

1950இல் வந்த 'புரோக்கன் ஏரோ' படத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பூர்வகுடிகளைப் பரிவோடு காட்டியதாகப் பாராட்டப்பட்ட படம் அது. அபாச்சி மக்களின் தலைவர் கோச்சீஸாக நடித்தவர் ஜெஃப் சாண்ட்லர் என்ற வெள்ளை நடிகர்; அதற்காக ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். அபாச்சிப் பெண்ணாக வந்த டெப்ரா பேஜட்டும் வெள்ளையர். சமாதானத்தை மறுத்து வெளியேறும் ஜெரோனிமோ வேடம்தான் சில்வர்ஹீல்ஸுக்கு வந்தது. நல்லவராகவும் தலைவராகவும் காட்ட வேண்டிய பூர்வகுடிக்கு வெள்ளை முகம்; முரண்டு பிடிப்பவருக்கு மட்டும் அசல் முகம்.

மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' கதை நமக்குத் தெரியும். நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காக பி.கே.ரோசியை ஊரைவிட்டே விரட்டினார்கள். அவர் நாகர்கோவிலுக்கு வந்து, நடிகை என்ற அடையாளத்தை மறைத்து வாழ்ந்து மறைந்தார். மேலிருப்பவர் கீழிருப்பவராக நடித்தால் அதன் பெயர் நடிப்பு, விருதும் உண்டு. கீழிருப்பவர் மேலிருப்பவராக நடித்தால் அது குற்றம். நாடு வேறானாலும் கணக்கு ஒன்றுதான்.

டோன்டோ வேடத்துக்கு வருவோம். வானொலியில் அதற்குக் குரல் கொடுத்தவர் ஒரு வெள்ளை நடிகர். தொலைக்காட்சியில் அதை ஒரு பூர்வகுடி நடிகருக்குக் கொடுத்தது அந்தக் காலத்தில் சின்ன விஷயமல்ல. ஆனால் வசனத்தை எழுதியது அவர் அல்ல. 'நான்' என்று வர வேண்டிய இடத்தில் 'என்னை' என்று வரும் உடைந்த ஆங்கிலம். எஜமானுக்காக ஊருக்குள் போய் வேவு பார்த்து, அடி வாங்கித் திரும்பும் வேலை. ஸ்பானிய மொழியில் 'டோன்டோ' என்றால் முட்டாள். நிஜத்தில் சில்வர்ஹீல்ஸ் நல்ல ஆங்கிலம் பேசுபவர், கவிதை எழுதுபவர். சம்பளத் தகராறில் நாயகன் கிளேட்டன் மூர் விலகி, வேறொருவர் முகமூடி போட்டு நடித்த காலம் உண்டு. அப்போதும் டோன்டோவாக நின்றவர் இவர்தான்.

தொடர் முடிந்தபின் அந்த வேடம் அவரை விடவில்லை. கிடைத்தவை சிறு சிறு பாத்திரங்கள். பிழைப்புக்கு விற்பனையாளர் வேலையும் பார்த்தார். 1969இல் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், வேலை தேடி வரும் டோன்டோவாகத் தோன்றினார். முகமூடிக்காரருக்கு ஆண்டுக்கணக்கில் சமைத்தும் துவைத்தும் உழைத்த கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அது வெறும் சிரிப்பு அல்ல.

அவரை நாம் மதிப்பதற்கான காரணம் வேறு. 1960களில் லாஸ் ஏஞ்சல்ஸில் பூர்வகுடி இளைஞர்களுக்காக நடிப்புப் பயிலகம் ஒன்றைத் தொடங்கினார். பூர்வகுடி வேடங்களைப் பூர்வகுடிகளுக்கே கொடுங்கள் என்று கேட்டார். 'பயிற்சி பெற்ற நடிகர்கள் உங்களில் இல்லையே' என்று தயாரிப்பாளர்கள் சொல்லும் சாக்கை உடைக்க அதுவே வழி. 1979இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் ஒரு நட்சத்திரம் பதித்தார்கள். 1980 மார்ச்சில் இறந்தார்.

அவர் கேட்டது உடனே நடந்துவிடவில்லை. 2013இல் எடுத்த புதிய 'லோன் ரேஞ்சர்' படத்தில் டோன்டோவாக நடித்தவர் ஜானி டெப். 2021இல்தான் 'ரிசர்வேஷன் டாக்ஸ்' வந்தது. எழுதியவர்கள், இயக்கியவர்கள், முக்கிய நடிகர்கள் எல்லோரும் பூர்வகுடிகளாக அமைந்த தொடர் அது. அதில் யாரும் உடைந்த ஆங்கிலம் பேசவில்லை.

இங்கே மாநிற முகங்களை ஒதுக்கிவிட்டு, சிவந்த நடிகைக்குக் கறுப்பு மை பூசிக் 'கறுப்பி' என்று நடிக்க வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. வேலைக்காரி வேடத்துக்குப் போகும் நம் சகோதரியை இதற்காகத் திட்டிப் பயனில்லை. கதை இலாகாவில் உட்கார்ந்து அந்த வசனத்தை எழுதுபவர் யார் என்றுதான் தொலைக்காட்சி நிறுவனங்களைக் கேட்க வேண்டும். நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. ஊர்தோறும் அம்பேத்கர் படிப்பகங்கள் இருக்கின்றன. போட்டித் தேர்வுக்கு மாலையில் வகுப்பு நடக்கும் அதே அறையில், வாரத்தில் ஒருநாள் நடிப்புக்கும் வசனம் எழுதவும் பயிற்சி கொடுக்கலாம். பறையாட்டமும் தெருக்கூத்தும் தெரிந்த மூத்த கலைஞர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.