யார் உகக்க ஒரு சிலை?

நண்பர் ஒருவர் ஒரகடத்தில் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறை என்றால் கோபம் வரும். ‘யூனிட்’ என்று சொல்ல வேண்டும். பெரிய கார் கம்பெனிக்கு உதிரிபாகம் தருகிற கம்பெனிக்கு உதிரிபாகம் தருகிறவர். இரும்புத் தகட்டை பிரஸ்ஸில் கொடுத்து வெட்டி, வளைத்து, துளை போட்டு அனுப்புவது வேலை. வருகிற தையில் யூனிட்டுக்கு இருபது வயது. வாசலில் ஒரு சிலை வைக்க வேண்டுமாம்.

“சும்மா சிலை இல்ல சார். மெசேஜ் இருக்கணும்.”

மெசேஜைத் தயாராகவே வைத்திருந்தார். ஒரு பல்சக்கரம். நடுவில் பூமி உருண்டை. உருண்டையைத் தாங்கும் இரண்டு கைகள். அடியில் ‘உழைப்பே உயர்வு’. ஃபைபரில் வார்த்துத் தங்க பெயின்ட் அடித்துத் தர ஆள் பார்த்தாயிற்று. அந்த இரண்டு வார்த்தைக்குப் பதிலாக இன்னும் நல்லதாக இரண்டு வார்த்தை எழுதித் தருவதுதான் என் பங்கு.

எழுதித் தருகிறேன், அதற்கு முன் ஒரு அரை நாள் என்னோடு வாருங்கள் என்று ஸ்ரீபெரும்புதூருக்கு அழைத்துப் போனேன். கன்டெய்னர் லாரிகளுக்கும் ஷிஃப்ட் பஸ்களுக்கும் நடுவே ஊர்ந்து, ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசலில் இறங்கினோம்.

ராமானுஜர் 1017-இல் பிறந்த ஊர் இது. இங்கே இருக்கும் அவருடைய திருமேனி, அவர் வாழ்ந்த காலத்திலேயே சீடர்கள் செய்வித்தது. சீடர் முதலியாண்டானின் மகன் கந்தாடையாண்டான் முன்னின்று செய்தார் என்றும், ராமானுஜர் அதை ஆரத் தழுவித் தந்தார் என்றும் வைணவ மரபு சொல்கிறது. அதனால் அதற்குப் பெயர் ‘தான் உகந்த திருமேனி’. கர்நாடகத்து மேல்கோட்டையில் இன்னொன்று உண்டு. பல்லாண்டு அங்கே தங்கிவிட்டு அவர் ஸ்ரீரங்கம் புறப்பட்டபோது, பிரிவு தாங்காத அடியார்கள் செய்து வைத்துக்கொண்டது. அது ‘தமர் உகந்த திருமேனி’.

எத்தனை அடி, எந்த உலோகம் என்றெல்லாம் பெயரில் இல்லை. யாருக்குப் பிடித்தது என்பதே பெயராகிவிட்டது. சிலை செய்யச் சொல்லிக் காசை எடுத்து நீட்டுகிற எவரும் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான். யார் உகக்க?

அங்கிருந்து ராஜீவ் காந்தி நினைவகம். 1991 மே 21 இரவு குண்டு வெடித்த அதே இடம். கட்டடக் கலைஞர் கே.டி. ரவீந்திரன் வடிவமைத்தது, 2003-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். ராஜீவ் விழுந்த இடத்தைச் சூழ்ந்து ஏழு கல்தூண்கள். அறம், வாய்மை, நீதி, அறிவியல், தியாகம், அமைதி, வளம் என்று தூணுக்கு ஒரு கருத்து. இன்று ‘கான்செப்ட்’ என்கிறோமே, அதை ஓர் அரசு சொல்லிச் செய்வித்த உதாரணம் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியிலேயே இருக்கிறது.

நண்பர் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். “ஏழும் நல்ல வார்த்தைதான் சார். மறுநாள் ரேடியோவுல கேட்டுட்டு எங்கம்மா அடுப்பு பத்த வெக்காம அழுதுக்கிட்டே இருந்தாங்க. அது இதுல எங்க இருக்கு?”

நியாயமான கேள்வி. அரசு பேசினால் லட்சியமாகத்தான் பேசும்; அடுப்பு பற்றாத வீடு அதன் கண்ணில் படாது. ஆனால் அந்தத் தூண்களைப் பெயர்த்து வேறு ஊரில் நட்டால் அவை வெறும் தூண்கள். நடுவில் இருக்கும் அந்தத் துண்டு மண்ணால்தான் அவற்றுக்குப் பேச்சு வருகிறது. நண்பரின் அம்மா வந்திருந்தால் தூண்களை எண்ணியிருக்க மாட்டார், அந்த மண்ணைத்தான் பார்த்திருப்பார். பூமி உருண்டை தாங்கிய பல்சக்கரத்துக்கு அப்படி ஒரு மண் இல்லை. ஒரகடத்திலும் வைக்கலாம், ஓசூரிலும் வைக்கலாம்.

மண் என்றதும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துப் புரவியெடுப்பைச் சொன்னேன். ஐயனாருக்கு மண்குதிரை செய்ய வேண்டுமானால், ஊர்க்காரர்கள் குயவரான வேளாரிடம் படம் வரைந்து கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. ஒரு பிடி மண் கொடுப்பார்கள். பிடிமண் வாங்கிவிட்டால் வேளார் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஊருக்குப் பொதுவாகக் குதிரை. பிள்ளை வரம் கேட்ட வீட்டுக்கு மதலை. கால் வலி தீர்ந்தவருக்கு மண்ணால் ஒரு கால். சொந்தக் கதையும் ஊர்க் கதையும் ஒரே சூளையில் வேகும். செய்யச் சொல்கிறவர் தன் மண்ணைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். உருவம் வேளார் பாடு.

மெரினாவில் 1959-இல் நிறுவிய உழைப்பாளர் சிலையையும் நினைத்துப் பாருங்கள் என்றேன். சிற்பி ராய் சௌத்ரி நான்கு ஆட்களையும் ஒரு பாறையையும் வைத்தார். பாறை இன்னும் நகர்ந்தபாடில்லை. அந்தச் சிலைக்குக் கீழே ‘உழைப்பே உயர்வு’ தேவைப்படவில்லை.

“சரி, உங்க பிடிமண் எது?”

திரும்பும் வழியில் டீக்கடையில் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு இடது கையை மேசை மேல் வைத்தார். ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. பதினைந்து வருடப் பழக்கம், நான் கவனித்ததே இல்லை. போட்டோ எடுத்தால் அந்தக் கை எப்போதும் பாக்கெட்டுக்குள் இருக்கும். இருபத்திரண்டு வயதில் வேறொருவர் பட்டறையில் பிரஸ் ஓட்டியபோது போனதாம். சொந்தமாக யூனிட் போட்டதும், கை உள்ளே போனால் மிஷின் தானாக நின்றுவிடும் சென்சாரைத்தான் முதலில் வாங்கியிருக்கிறார், ஆபீசுக்கு ஏசி வாங்கும் முன்பே.

“இதைப் போய் வாசல்ல வெக்க முடியுமா சார்? கஸ்டமர் ஆடிட்டுக்கு வருவாங்க.”

வைக்கலாம் என்பது என் கட்சி. ஆடிட்டுக்கு வருகிறவர் வருடத்துக்கு இரண்டு முறை அந்த வாசலைத் தாண்டுவார். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பிரஸ் முன்னால் நிற்கிற பிள்ளைகள் தினம் இரண்டு முறை தாண்டுவார்கள். அவருக்குத் தமர் அவர்கள்தான்.

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த ஒரு சிற்பியின் எண்ணைக் கொடுத்தேன். கூடவே சில யோசனைகளும். முன்பணத்தையும் கெடுவையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சின்னதாகக் களிமண் மாதிரி கேளுங்கள். காசு கொடுத்துவிட்டோம், இனி நம் பொருள் என்று பின்னால் கையை வைக்காதீர்கள். டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சிற்பத்தை 1979-இல் அதிகாரிகள் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுத்து ஐந்து லட்சம் இழப்பீடும் தரச் சொன்னது. விலைக்கு வாங்கிய பிறகும் படைப்பின் மானம் படைத்தவனுடையது என்கிறது 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு.

போன வாரம் நண்பர் போன் செய்தார். சிற்பி ஐந்து நாள் யூனிட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாராம். படம் எதுவும் போடவில்லை. போகும்போது, தேய்ந்து கழித்த கையுறைகளை ஒரு மூட்டை கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம்.

“என்ன செய்யப் போறார்னு நான் கேக்கல சார். அப்புறம்… அந்த ரெண்டு வார்த்தை எழுதித் தரேன்னீங்களே, அது வேணாம்.”

எனக்கு வரவிருந்த ஒரே வேலையும் போயிற்று.