காணாமற்போன பண்டிகைச் சித்திரங்களுக்காக ஒரு கோரிக்கைச் சாசனம்

அமெரிக்க, பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கும், அவற்றின் பழைய படங்களுக்கு இன்று உரிமையாளர்களாக இருக்கும் கம்பெனிகளுக்கும், ஆவணக் காப்பகங்களுக்கும், சட்டம் இயற்றுவோருக்கும்: கிறிஸ்துமஸ் காலத்துக் குழந்தைச் சித்திரங்களைப் பார்த்து வளர்ந்தவர்களும், தொலைந்தவற்றைத் தேடுகிறவர்களும், கிடைத்ததைப் பாதுகாக்கிறவர்களுமாகிய நாங்கள் இந்தச் சாசனத்தை உங்கள் முன் வைக்கிறோம்.

1962 டிசம்பர் 18 அன்று என்பிசி ஒளிபரப்பிய 'மிஸ்டர் மகூஸ் கிறிஸ்துமஸ் கேரல்'தான் தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் அனிமேஷன் படம் என்று சொல்லப்படுகிறது. 1964இல் செம்மூக்குக் கலைமான் ரூடால்ஃப் வந்தது. 1965இல் சார்லி பிரவுன் வந்தான். இவை ஆண்டுதோறும் திரும்ப வந்ததால் பிழைத்துக்கொண்டன. ஒரே ஒரு முறை வந்துவிட்டு மறைந்தவற்றின் கதி வேறு. அவற்றில் ஏதாவது ஒன்று எப்போதாவது கிடைக்கிறது என்றால், யாரோ ஒருவர் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்திருக்கிறார் என்று பொருள். குழந்தைகளுக்காகச் செய்யப்பட்ட கலை இப்படி அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக் கூடாது என்பதே எங்கள் வாதம்.

படங்கள் ஏன் தொலைந்தன என்பதில் மர்மம் எதுவும் இல்லை. 1956இல் வந்த இரண்டங்குல வீடியோ டேப் விலை அதிகம். அதனால் பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிந்தார்கள். பிபிசி 1978 வாக்கில்தான் இந்த வழக்கத்தைக் கைவிட்டது. அமெரிக்காவின் டூமான்ட் நெட்வொர்க்குடைய பிலிம் சுருள்கள் லாரிகளில் ஏற்றப்பட்டு நியூயார்க் துறைமுக நீரில் கொட்டப்பட்டன என்று நடிகை ஈடி ஆடம்ஸ் 1996இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் விசாரணையில் சாட்சி சொன்னார். அனிமேஷன் படங்கள் பெரும்பாலும் பிலிமில் எடுக்கப்பட்டவை. டேப் நிகழ்ச்சிகளைவிட அவற்றுக்கு ஆயுள் கூடுதல்தான். ஆனால் தயாரித்த கம்பெனி மூடப்பட்டு, நெகட்டிவ் கிடந்த லேபுக்கு வாடகை கொடுக்கவும் ஆள் இல்லாமல் போனால் அந்த ஆயுளால் என்ன பயன்?

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: படத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவரைக் குற்றவாளியாக நடத்தாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக இதை வைக்கக் காரணம் உண்டு. பிரிட்டனின் நகைச்சுவைக் கலைஞர் பாப் மங்க்ஹவுஸ் பழைய படச்சுருள்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றைப் பறிமுதல் செய்து, ஏமாற்றுச் சதி என்று வழக்குப் போட்டார்கள். 1979இல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் 2003இல் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பைப் பார்த்தபோது, அடியோடு அழிந்துவிட்டதாக நினைத்திருந்த பல நிகழ்ச்சிகள் அதில் இருந்தன. அந்த வழக்கைப் பார்த்த பிற சேகரிப்பாளர்கள் என்ன செய்திருப்பார்கள்? தங்களிடம் இருப்பதைப் பற்றி வாயைத் திறக்கவே பயந்திருப்பார்கள். இன்று அவர்களில் பலர் முதியவர்கள். அவர்கள் காலமானதும், வீட்டைக் காலி செய்ய வருகிறவர்களுக்கு அந்த டப்பாக்கள் வெறும் குப்பை.

எனவே, தம்மிடம் உள்ள சுருளையோ டேப்பையோ நகலெடுக்கக் கொடுப்பவர்மேல் வழக்குத் தொடரமாட்டோம் என்று உரிமையாளர்கள் எழுத்து மூலமாக, பகிரங்கமாக, காலவரையின்றி உறுதி தர வேண்டும். நகலெடுத்த பிறகு, கேட்டால் அசல் சுருளை அவரிடமே திருப்பித் தர வேண்டும். எப்படிக் கிடைத்தது என்று துருவக் கூடாது.

இரண்டாவது: ஒளிபரப்பானது எப்படியோ அப்படியே முழுதாகக் காக்க வேண்டும். ரூடால்ஃப் முதலில் வந்தது 1964 டிசம்பர் 6 அன்று, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் விளம்பரதாரர் நிகழ்ச்சியாக. அந்தப் படத்தில், யாரும் சீந்தாத பொம்மைகள் வாழும் ஒரு தீவு உண்டு. அந்தப் பொம்மைகளுக்கு உதவுவதாகச் சொன்ன ரூடால்ஃப் கடைசியில் அவற்றை மறந்துவிட்டானே என்று பார்த்தவர்கள் கடிதம் எழுதினார்கள். அடுத்த ஆண்டே சான்டா அந்தத் தீவுக்குப் போய்ப் பொம்மைகளை ஏற்றிச் செல்லும் காட்சி சேர்க்கப்பட்டது. நேரம் போதாததால் வேறு பகுதிகளை வெட்டினார்கள். அந்தப் படத்தில் வரும் யூகான் கார்னீலியஸ் பிக்காசை நக்கி நக்கித் தேடியது புதினா மிட்டாய்ச் சுரங்கத்தைத்தான் என்று தெரியவரும் காட்சி அப்போது போனது. அது மறுபடி படத்தில் சேர 1990களின் இறுதி ஆகிவிட்டது. அதுவரை, அந்த ஆள் ஏன் பிக்காசை நக்குகிறான் என்று புரியாமலே ஒரு தலைமுறை அந்தப் படத்தைப் பார்த்தது. சார்லி பிரவுன் படத்திலும் 1965இன் முதல் ஒளிபரப்பில் இருந்த கோகோ கோலா குறிப்புகள் பின்னால் நீக்கப்பட்டன. பார்த்தவர்களின் கடிதங்களுக்காகச் செய்த மாற்றத்தையும், விளம்பரதாரர் மாறியதற்காகச் செய்த மாற்றத்தையும் நாங்கள் சமமாகப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு வடிவங்களும் இருந்தால்தான் மாற்றம் நடந்ததே தெரியும். விளம்பரம், நிலைய அறிவிப்பு, இறுதிப் பெயர்ப்பட்டியல் எதையும் ஒட்ட நறுக்காதீர்கள்.

மூன்றாவது: கிடைத்த சுருளை அவசரப்பட்டு புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கக் கூடாது. டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. பிலிம் சுருங்கி, ஓரத் துளைகள் புரொஜெக்டரின் பற்களோடு பொருந்தாது, ஓட்டினால் கிழியும். பல பழைய வண்ணப் பிரதிகளில் நீலமும் பச்சையும் வெளுத்து, பனிப்பொழிவு முழுவதும் ரோஜா நிறத்தில் தெரியும். டேப் ஒட்டிக்கொண்டிருந்தால் நிபுணர் மிதமான சூட்டில் உலர்த்திய பிறகே ஓட்ட முடியும். இதற்கெல்லாம் ஆகும் செலவைக் கண்டெடுத்தவர் தலையில் கட்டக் கூடாது. ஒளிபரப்பாளர்கள் பொது நிதி ஒன்றை ஏற்படுத்த வேண்டும்.

நான்காவது: படம் மட்டும் போதாது, அதைச் செய்த கைகளின் தடயமும் வேண்டும். ரூடால்ஃப் நியூயார்க்கின் ரேங்கின்-பாஸ் கம்பெனியின் படம் என்றாலும், பொம்மைகளை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்திப் படம் பிடித்தது டோக்கியோவில் இருந்த டாடாஹிட்டோ மொச்சினாகாவின் ஸ்டூடியோ. பொம்மைகளைச் செய்தவர் இச்சிரோ கொமுரோ. ரூடால்ஃப் ஏறக்குறைய ஆறு அங்குலம், சான்டா பதினோரு அங்குலம். மரம், கம்பி, துணி, தோல், கவரிமா மயிர். படப்பிடிப்பு முடிந்து இவை அமெரிக்கா வந்தன. கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண்மணி வீட்டுக்கு எடுத்துப்போய்க் கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைத்தார். பல்லாண்டுகள் கழித்து அந்தக் குடும்பத்துப் பரணிலிருந்து வெளிவந்தன. 2020 நவம்பர் ஏலத்தில் இரண்டும் சேர்ந்து 3,68,000 டாலருக்குப் போயின. வாங்கியவர் அட்லாண்டாவின் பொம்மலாட்டக் கலை மையத்துக்குக் கொடுத்தார். ரூடால்ஃபின் சிவப்பு மூக்கு இன்றும் ஒளிர்கிறது. அந்தக் கொடையை நன்றியோடு நினைக்கிறோம். மொச்சினாகாவுடன் உழைத்த மற்றவர்களின் பெயர்களைத் தேடி எடுத்து, மீட்கப்படும் ஒவ்வொரு படத்தோடும் வெளியிட வேண்டும் என்றும் கேட்கிறோம்.

ஐந்தாவது: ஒளிபரப்பின் பிரதியைக் காப்பகத்துக்குச் சட்டப்படி ஒப்படைக்க வேண்டும். பிரான்சில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் வானொலி, தொலைக்காட்சி ஒளிபரப்புகளையும் கட்டாய ஒப்படைப்புக்குள் கொண்டுவந்தது. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காங்கிரஸ் நூலகத்தில் வானொலி, தொலைக்காட்சிக் காப்பகம் ஒன்றுக்கு வழிசெய்தது. அந்தக் காப்பகத்துக்குள் சிறுவர் நிகழ்ச்சிகள் விதிவிலக்கின்றி வர வேண்டும்.

ஆறாவது: உரிமையைப் பூட்டி வைக்காதீர்கள். 1978 நவம்பர் 17 அன்று சிபிஎஸ் ஒளிபரப்பிய 'ஸ்டார் வார்ஸ்' விடுமுறைச் சிறப்பு நிகழ்ச்சிக்குள், டொராண்டோவின் நெல்வானா ஸ்டூடியோ செய்த சுமார் பத்து நிமிடக் கார்ட்டூன் இருந்தது. போபா ஃபெட் என்ற 'ஸ்டார் வார்ஸ்' பாத்திரம் முதன்முதலில் திரையில் தோன்றியது அதில்தான். முழு நிகழ்ச்சியை அந்த நெட்வொர்க் மறுபடி காட்டவே இல்லை. வீட்டு விசிஆரில் பதிந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றி அதை உயிரோடு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நகலிலும் படம் இன்னும் கொஞ்சம் மங்கியது. டிஸ்னியின் ஸ்ட்ரீமிங்கில் அந்தக் கார்ட்டூன் மட்டும் தனியாக வந்தது 2021இல். ஒரு படத்தை உரிமையாளர் பத்தாண்டுகள் வெளியிடாமல் வைத்திருந்தால், பொது நூலகங்களும் காப்பகங்களும் அதை இலவசமாகத் திரையிட அனுமதி வேண்டும். உரிமையாளர் யாரென்றே தெரியாத படங்களுக்கு இது இன்னும் அவசியம். ரேங்கின்-பாஸ் படங்களே 1974ஐ எல்லையாக வைத்து இரண்டு வெவ்வேறு உரிமையாளர்களிடம் பிரிந்து கிடக்கின்றன.

ஏழாவது: இல்லாத பகுதியை இருப்பதுபோல் காட்டாதீர்கள். 1965 கிறிஸ்துமஸ் நாளில் வந்த, பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடர் அத்தியாயம் அனிமேஷன் அல்ல. ஆனாலும் இங்கே அது நல்ல பாடம். அதன் படம் இன்று இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வீட்டு டேப்பில் பதிந்துகொண்ட ரசிகர்களால் ஒலி மட்டும் மிஞ்சியது. அந்த ஒலியை ஒலியாகவே வெளியிட்டார்கள். அதுதான் நேர்மை. விட்டுப்போன காட்சிகளைச் செயற்கை நுண்ணறிவால் வரைந்து நிரப்பி 'மீட்கப்பட்ட படம்' என்று விற்பதை நாங்கள் எதிர்க்கிறோம். புதிதாக வரைந்த ஒவ்வொரு காட்சியிலும் அது புதிது என்று திரையிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கடைசியாக, உடனே செய்யக்கூடிய ஒன்று. ஒவ்வொரு ஒளிபரப்பாளரும் தம்மிடம் இருக்கும், இல்லாத சிறுவர் பண்டிகை நிகழ்ச்சிகளின் பட்டியலை, ஒளிபரப்பான தேதியோடும் எந்த வடிவில் இருக்கிறது என்ற விவரத்தோடும் வெளியிட வேண்டும். எது தொலைந்தது என்று தெரியாமல் யாரும் எதையும் தேட முடியாது. வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பிய பிரதிகளின் பதிவேடுகளும் அதில் சேர வேண்டும்: 'டாக்டர் ஹூ'வின் தொலைந்த ஒன்பது அத்தியாயங்கள் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து நிலையத்தில் கிடைத்தன என்று 2013இல் அறிவிக்கப்பட்டது. பட்டியலின் கீழே, டப்பாவோடு வருகிறவர் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு முகவரி இருக்கட்டும். வரும் டிசம்பர் 1ஆம் தேதிக்குள் இது வெளியாக வேண்டும்.