சிற்றறைக்கு ஏற்ற ஒலிப்பெட்டி

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது நம்மவர் பழமொழி. இசை கேட்டற்குரிய ஸ்பீக்கர் பெட்டியைத் தம் கையாற் செய்ய விழையும் மாணவ நண்பர்கள் இதனை முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும் என்பது எம் துணிபு. மண்டபத்திற்குத் தகும் பெரும்பெட்டியின் வரைபடத்தை விரும்பித் தேர்ந்து சிற்றறையுட் புகுத்துவோர், முழக்கமே மிக்கது, பாட்டு விளங்கவில்லை என்று பின்னர் வருந்துவர். அக்குற்றம் பெட்டியினதன்று, அறையை நோக்காத தேர்வினதே.

அறை யாது செய்யும்? ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வது. ஆகலின், நீளமும் அகலமும் 3 மீட்டராகிய அறையில், எதிரெதிர்ச் சுவர்களிடையே 57 ஹெர்ட்ஸ் அளவில் ஓசை நிலைத்து நின்று வலுக்கும். இருபுறமும் ஒத்த அளவினவாதலின் அக்கேடு பின்னும் மிகும்.

இனிப் பெட்டியின் வகைகளுள் இரண்டினை ஆராய்வோம். குழல் வைத்த துளைப்பெட்டி தாழ்ந்த ஓசையைப் பெருக்கும்; ஆயின் குழல் இசைந்த எல்லைக்குக் கீழே, ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபெல் வீதம் விரைந்து வீழும். முற்றும் மூடிய பெட்டியோ 12 டெசிபெல் வீதமே மெல்லத் தாழ்வது. சிற்றறை மிகத் தாழ்ந்த ஓசையைத் தானே ஓரளவு உயர்த்தும் இயல்பினதாதலின், மூடிய பெட்டி விட்ட குறையை அறை நிரப்பும். துளைப்பெட்டி தந்த மிகையையோ முழக்கமாக்கும். மேலும், குழலின் நீளம் பிழைப்பின் துளைப்பெட்டியின் இசைவே மாறும். மூடிய பெட்டி அத்துணைக் கடுமையுடையதன்று. புதிதாகத் தொழில் பழகுவார்க்கு இஃது ஒரு பெருந்துணையன்றோ?

சிறிய மூடிய பெட்டியும் ஆழ்ந்த ஓசை தரும் என்பதனை அமெரிக்கராகிய எட்கர் வில்ச்சர் 1954-இல் வெளிவந்த ஏ.ஆர்.-1 என்னும் பெட்டியாற் காட்டினார். 1970-களில் பி.பி.சி. நிறுவனத்தார் ஒலிபரப்பு வண்டியின் இடுக்கமான இடத்திற்கென வகுத்த எல்.எஸ். 3/5ஏ என்பதும் மூடிய சிறுபெட்டியே.

அளவு காண்டலும் எளிது. தீல், ஸ்மால் என்னும் இருவர் வகுத்த அளவைகளைக் கூம்பு செய்வோர் தாளில் தருகின்றனர். கியூ.டி.எஸ். 0.4, வி.ஏ.எஸ். 17 லிட்டர் எனின், 8 லிட்டர் உட்கொள்ளளவுடைய மூடிய பெட்டி சமனான ஓசை தரும். 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையும், காற்றுக் கசியாத மூட்டுகளும், உள்ளே சிறிது பஞ்சும் போதும். பெட்டியை மூலையில் ஒடுக்கி வையாதிருத்தலும் நன்று.

மூடிய பெட்டியில் ஓசையின் வன்மை குறையுமன்றோ எனின், குறையும் என்றே விடை கூறுவோம். விழாப் பந்தலுக்கு அது குறையே. ஆனால் இரண்டு மீட்டர் தொலைவில் அமர்ந்து கேட்பான் ஒருவனுக்குப் பந்தலின் முழக்கம் எற்றுக்கு? பாடுவாரின் சொல் தெளிவுறக் கேட்டலே அவன் வேண்டுவது. சுவருக்கு அப்பால் தேர்வுக்குப் படிக்கும் தோழனும் அவனை வாழ்த்துவான்.

மாணவர் கையிற் பொருள் சிறிது. அறுத்த பலகை மீண்டும் ஒட்டாது. ஆகவே நண்பர்காள், அறையை முதலில் அளமின். பலகையைப் பின்னர் அறுமின்.